சைக்கிளுக்கும் பைக்குக்கும் சேர்த்து ஒரே டார்க் ரெஞ்ச் போதுமா?

நொய்யல்கரை, கோவை:

வணக்கம். வீட்டில் ஒரு ரோடு சைக்கிள், ஒரு 350 சிசி பைக். இனி இரண்டுக்கும் சின்னச் சின்ன வேலைகளை நானே பார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். ஸ்பேனர், ஆலன் கீ, சாக்கெட் செட் எல்லாம் சேர்ந்துவிட்டன. பாக்கி இருப்பது, போல்ட்டை எவ்வளவு திருகுவிசையில் இறுக்குகிறோம் என்று அளந்து சொல்லும் டார்க் ரெஞ்ச்தான்.

சைக்கிளின் சீட் போஸ்ட் கார்பன். கிளாம்ப் மேலேயே 5 என்எம் (நியூட்டன் மீட்டர், திருகுவிசையின் அளவு) என்று அச்சடித்திருக்கிறது. பைக்கில் ஆயில் மாற்றுவது, செயின் டைட் வைப்பது, சக்கரத்தைக் கழற்றி மாட்டுவது, இவ்வளவுதான் என் ஆசை. ஆன்லைனில் அரை இன்ச் டிரைவில் (சாக்கெட் மாட்டும் சதுர முனையின் அளவு) 28 முதல் 210 என்எம் வரைக்குமான ரெஞ்ச் ஒன்று நல்ல தள்ளுபடியில் கிடைக்கிறது. 3/8 இன்ச்சில் 19–110, கால் இன்ச்சில் 5–25 என்றும் இருக்கின்றன. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எதை வாங்குவது?

பட்டறை_ஈரோடு:

அந்த அரை இன்ச் ரெஞ்சை விட்டுவிடுங்கள் தம்பி. தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று நிறைய பேர் முதலில் வாங்குவது அதைத்தான். உங்களிடம் இருக்கும் போல்ட்டுகளில் பாதிக்கு மேல் அதன் அளவுக்கு உள்ளேயே வராது.

ரெஞ்சைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து, நீங்கள் தொடப்போகும் போல்ட்டுகளை எழுதுங்கள். சைக்கிளில் ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம், சீட் கிளாம்ப் எல்லாம் 4-லிருந்து 6, 7 வரை. டிஸ்க் பிரேக் இருந்தால் ரோட்டரைப் பிடிக்கும் டி25 (நட்சத்திரக் குழி) போல்ட்டுகள் இருக்கின்றன. பாகங்கள் தயாரிப்பவர்களில் ஷிமானோ 2 முதல் 4 என்கிறது, ஸ்ராம் 6.2 என்கிறது. காலிப்பரை ஃபிரேமில் பிடிப்பவை 6–8. ஷிமானோ ஹாலோடெக் வகை கிராங்க் என்றால் இடது பெடலைத் தாங்கும் கிராங்க் கையில் இருக்கும் இரண்டு போல்ட்டுக்கும் 12–14. அதற்கு மேலே போவது மூன்று நான்குதான்: பின் பல்சக்கரங்களைப் பிடிக்கும் கேசட் லாக்ரிங் 40 பக்கம், பெடல் 35-லிருந்து 55, கிராங்க் சுழலும் பேரிங்கைத் தாங்கும் பாட்டம் பிராக்கெட் கப் 35–50.

பைக்கில் கவர்களைப் பிடிக்கும் எம்6 (6 மிமீ மரை) போல்ட்டுகள் 10 என்எம் பக்கம், எம்8 என்றால் 22–25. ஆயில் வடிக்கும் டிரெயின் போல்ட் வண்டிக்கு வண்டி மாறும், பெரும்பாலும் 20-லிருந்து 30-க்குள் இருக்கும். பின் ஆக்சில் நட் மட்டும்தான் தனி ஜாதி. 60-லிருந்து 100 வரை போகும், சில ஸ்கூட்டர்களில் 100-ஐயும் தாண்டும். இதெல்லாம் பொதுக் கணக்கு. உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் போட்டிருக்கும் எண்தான் கடைசி வார்த்தை.

இப்போது அந்தத் தாளைப் பாருங்கள். கெட்டுப்போனால் அதிகம் செலவு வைப்பவை எல்லாம் 15-க்குக் கீழே இருக்கின்றன. அலுமினியத்தில் வெட்டிய மரை, கார்பன் குழாய், மெல்லிய கிளாம்ப். ஆக்சில் நட் இரும்பு மேல் இரும்பு, 70 என்பது 80 ஆனாலும் உடனே ஒன்றும் ஆகிவிடாது. அதனால் ஒன்றுதான் வாங்குவேன் என்றால் சின்னதை வாங்குங்கள்.

கல்லட்டி, ஊட்டி:

ஈரோடு அண்ணன் சொன்னதை மதிக்கிறேன், ஆனால் ஒரு சந்தேகம். எங்கள் ஊர் மெக்கானிக்குகள் வாழ்நாள் முழுக்க டார்க் ரெஞ்சைத் தொடாமலே எஞ்சின் இறக்கி ஏற்றுகிறார்கள். அந்த வண்டிகள் கல்லட்டி மலையில் தினமும் ஏறி இறங்குகின்றன. கைப்பக்குவம் வந்துவிட்டால் இந்தக் கருவி எதற்கு? வீட்டில் வேலை பார்ப்பவர் அந்தப் பணத்தில் நல்ல சாக்கெட்டும் ஒரு வைஸும் வாங்கலாமே.

பட்டறை_ஈரோடு:

நியாயமான கேள்வி. என் பட்டறையிலும் பாதி வேலை கையால்தான் நடக்கிறது. ஆனால் கைப்பக்குவம் எதில் வருகிறது என்று பாருங்கள். அதே அளவு ஸ்பேனர், அதே மாதிரி போல்ட், ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது முறை. இரும்பு போல்ட் இழுபடும்போது கைக்கு ஒரு தகவல் வரும், அதைக் கை கற்றுக்கொள்கிறது. மாதம் ஒருமுறை ஸ்பேனர் எடுப்பவருக்கு அந்தப் பாடம் கிடைக்காது. கார்பனில் எனக்கே கிடைப்பதில்லை. நாரும் பசையும் சேர்ந்த பொருள் அது. நசுங்கும் வரை கைக்கு ஒன்றும் தெரியாது, தெரியும்போது விரிசல் விட்டிருக்கும்.

கணக்காகவே பாருங்கள். 10 சென்டிமீட்டர் நீளமுள்ள ஆலன் கீயின் முனையில் 5 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தினால் ஏறக்குறைய 5 என்எம். அதே 5 என்எம்மை 40 சென்டிமீட்டர் நீளமுள்ள அரை இன்ச் ரெஞ்சில் கொடுக்க ஒன்றேகால் கிலோ அழுத்தம் போதும். கையை மேலே வைத்தாலே அவ்வளவு வந்துவிடும். பெரிய ரெஞ்சால் சின்ன போல்ட்டைத் தொடக்கூடாது என்று சொல்வது இதனால்தான்.

ஈசிஆர்காலை, சென்னை:

பீம் டைப் பற்றி யாரும் பேசவில்லையே. நான் சைக்கிளுக்கு வைத்திருப்பது அதுதான். ஒரு எஃகுத் தண்டு, பக்கத்திலேயே ஒரு முள், கைப்பிடி அருகே அளவுகோல். இழுக்கும்போது தண்டு வளையும், முள் அப்படியே நிற்கும், எண்ணைப் படித்துக்கொள்ளலாம். உள்ளே ஸ்பிரிங் இல்லை, பேட்டரி இல்லை. கீழே விழுந்து முள் நகர்ந்தால் மெதுவாக வளைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால் வேலை முடிந்தது. இடப்பக்கம் திருகினால் இறுகும் இடது மரைக்கும் அப்படியே வேலை செய்யும், எதிர்ப்பக்கம் இழுத்தால் முள்ளும் எதிர்ப்பக்கம் காட்டும்.

குறையும் இருக்கிறது. எண்ணை நேர் மேலிருந்து பார்க்க வேண்டும். சாய்ந்து பார்த்தால் அரை, ஒரு என்எம் தப்பாகத் தெரியும். பைக்குக்கு அடியில் படுத்துக்கொண்டு டிரெயின் போல்ட் போடும்போது முள் எங்கோ இருக்கும், முகம் எங்கோ இருக்கும். கைப்பிடி நடுவில் தனி ஊசியில் ஆடும்படி இருந்தால் அந்த நடுவிலேயே பிடித்து இழுக்க வேண்டும். இவ்வளவையும் தாண்டி எனக்கு அது பிடிக்கும். போல்ட் இறுகிக்கொண்டு வருவதைக் கண்ணால் பார்க்க முடிகிறது. எண் ஏறாமல் போல்ட் மட்டும் சுற்றினால் மரை போகிறது என்று அந்த நொடியிலேயே தெரிந்துவிடும். வைத்த அளவு வந்ததும் 'கிளிக்' என்று சத்தம் கொடுக்கும் கிளிக் டைப்பில், அந்தக் கிளிக்குக்காகக் காத்திருக்கும்போது அது தெரியாது.

நொய்யல்கரை:

அக்கா, மிக்க நன்றி. பீம் டைப் யோசிக்கவே இல்லை. இரண்டு கேள்விகள். 5–25 ரெஞ்சில் 5 வைத்தால் சரியாக வேலை செய்யுமா, அடி எண் அல்லவா? அப்புறம் என் பைக்கின் பழைய மேனுவலில் என்எம்மே இல்லை, கேஜிஎஃப்-எம் என்று 1.0, 2.5 என்று போட்டிருக்கிறது. அதை எப்படி மாற்றுவது?

அளவியல், ஓசூர்:

அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருப்பவன் என்பதால் இதற்கு நான் பதில் சொல்கிறேன்.

இரண்டாவது கேள்வி சுலபம். 1 கேஜிஎஃப்-எம் என்றால் 9.8 என்எம். உங்கள் மேனுவலின் 1.0 என்பது 10, 2.5 என்பது கிட்டத்தட்ட 25. சில இடங்களில் கேஜி-சிஎம் இருக்கும், அதில் 100 என்றால் 10 என்எம். அமெரிக்க மேனுவல் என்றால் அடி-பவுண்டு, ஒன்றுக்கு 1.356 என்எம். இன்ச்-பவுண்டைப் பன்னிரண்டால் வகுத்து அடி-பவுண்டாக்கிக்கொள்ளுங்கள். ரெஞ்ச் குழாயில் இரண்டு அளவுகோல் பக்கத்துப் பக்கத்தில் பொறித்திருந்தால் எதைப் படிக்கிறோம் என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். மரை உரிந்து வருகிற கதைகளில் பலவற்றுக்கு வேர் அங்கேதான்.

முதல் கேள்விக்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும். கையால் இயக்கும் டார்க் கருவிகளுக்கு ஐஎஸ்ஓ 6789 என்று ஒரு தரநிலை இருக்கிறது. கிளிக் ரெஞ்சுக்கு அது அனுமதிக்கும் பிழை, உச்ச அளவு 10 என்எம்முக்கு மேல் போகும் ரெஞ்ச் என்றால் கூடக்குறைய 4 சதவீதம், உச்சமே 10-ம் அதற்குக் கீழும் என்றால் 6 சதவீதம். உச்ச அளவின் 20 சதவீதத்திலிருந்து 100 வரைதான் அந்தச் சோதனை. 25-ல் 20 சதவீதம் 5. ஆக, நல்ல தயாரிப்பு என்றால் உங்கள் ரெஞ்ச் 5-ல் விளிம்பில் நிற்கிறது, வேலை செய்யும். ஆனால் ஈரோடு அண்ணன் சொன்ன ரோட்டர் போல்ட் 2–4 அதற்குள் வராது. 210 வரை போகும் ரெஞ்சில் இதே கணக்கைப் போட்டால் 42-க்குக் கீழே நம்ப முடியாது, குழாயில் 28 என்று பொறித்திருந்தாலும்.

இன்னொன்று, கிளிக்கின் சத்தமும் அதிர்வும் அளவோடு சேர்ந்து குறையும். அடி எண்ணில் அது அவ்வளவு மெலிசாக இருக்கும், பக்கத்தில் ஒரு பஸ் போனால் தவறவிட்டுவிடுவோம். தவறவிட்டால் கை நிற்காது, ரெஞ்சும் தடுக்காது. கிளிக் ரெஞ்ச் அளவைச் சொல்லுமே தவிர அளவோடு நிறுத்தாது.

அதனால் என் சிபாரிசு, சைக்கிளுக்கு 2-ல் ஆரம்பிக்கும் ரெஞ்ச். பார்க் டூலின் டிடபிள்யூ-5.2 என்பது 2–14, அதன் பெரிய அண்ணன் டிடபிள்யூ-6.2 என்பது 10–60. விலை இங்கே கூடுதல். சைக்கிளுக்கென்றே 2–20, 2–24 அளவில் வேறு தயாரிப்புகள் குறைந்த விலையில் கிடைக்கின்றன. 2–24 ஒன்றும் 3/8 இன்ச் 19–110 ஒன்றும் சேர்ந்தால் உங்கள் தாளில் இருக்கும் எல்லா போல்ட்டும் அடங்கிவிடும். நடுவில் ஓட்டையும் இல்லை. ஆனால் அதே 20 சதவீதக் கணக்கில் 2–24 ரெஞ்சும் 5-க்குக் கீழே தோராயம்தான்.

கல்லட்டி:

சரி, நாரும் பசையும் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மலிவு ரெஞ்ச் வாங்கி அது தப்பாகக் காட்டினால் கைப்பக்குவத்தைவிட மோசமாகிவிடாதா? அது சரியாக இருக்கிறதா என்று வீட்டில் எப்படித் தெரிந்துகொள்வது?

அளவியல்:

முறையான வழி, என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுத்துச் சரிபார்ப்பது. சென்னையிலும் கோவையிலும் இருக்கின்றன. தரநிலை சொல்வது 12 மாதம் அல்லது 5000 இழுப்பு, எது முதலில் வருகிறதோ அது. அது தினமும் உழைக்கும் கருவிக்கு. வீட்டு ரெஞ்ச் 5000-ஐ எட்டவே எட்டாது.

வீட்டிலேயே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். ரெஞ்சின் சதுர முனையை வைஸில் கடித்து, கைப்பிடி தரைக்கு இணையாக நீளும்படி வையுங்கள். சதுரத்தின் மையத்திலிருந்து கைப்பிடியின் நடுவரை அளந்துகொள்ளுங்கள். அது 30 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அங்கே 10 கிலோ அரிசிப் பையைக் கயிற்றில் தொங்கவிட்டால் 10 x 9.81 x 0.30, அதாவது 29.4 என்எம். ரெஞ்சின் சொந்த எடையும் சேர்ந்து இழுக்கும், அதை விட்டுவிடாதீர்கள். ரெஞ்சை ஒரு விரல் மேல் வைத்து எங்கே சமமாக நிற்கிறது என்று பாருங்கள். ரெஞ்ச் ஒரு கிலோ, அந்தப் புள்ளி சதுரத்திலிருந்து 15 சென்டிமீட்டர் என்றால் இன்னும் 1.5 என்எம். மொத்தம் 31 பக்கம். 29-ல் வைத்தால் கிளிக் விழ வேண்டும், 33-ல் வைத்தால் விழக்கூடாது. பையைத் தடாலென்று போடாமல், மெல்ல மெல்லக் கைவிட்டு இறக்குங்கள், விசுக்கென்று விட்டால் அந்த வேகத்திலேயே கிளிக் அடித்துவிடும். பையை முதலில் கடைத் தராசில் ஒருமுறை நிறுத்துக்கொள்வது நல்லது.

சின்ன ரெஞ்சுக்கும் இதே முறைதான், இரண்டரை கிலோ, 20 சென்டிமீட்டர், 4.9 என்எம். ஆனால் அங்கே சொந்த எடையின் பங்கு பெரிது, கவனமாகக் கணக்கிடுங்கள்.

தாமிரபரணி, நெல்லை:

கிரீஸ் பற்றி யாராவது சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு சர்வீஸ் சென்டரில் என் பைக்குக்கு ஆயில் மாற்றினார்கள். டிரெயின் போல்ட்டை ஏர் கன்னால் ஏற்றியதை நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த தடவை வீட்டில் கழற்றியபோது மரை போல்ட்டோடு சுருளாக வந்தது. எஞ்சின் பக்கம் அலுமினியம், போல்ட் இரும்பு, போவது எப்போதும் எஞ்சின் பக்கம்தான். லேத் பட்டறையில் கொடுத்து ஹெலிகாயில் (புது மரையாக உட்காரும் கம்பிச் சுருள்) போட்டுச் சரியாக்கினேன். இன்றுவரை ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆனால் ஒரு புது வாஷரும் அளவான இறுக்கமும் செய்திருக்க வேண்டிய வேலை அது.

கேள்வி இதுதான்: மரையில் எண்ணெய் இருந்தால் மேனுவல் எண்ணை அப்படியே வைக்கலாமா?

அளவியல்:

பெரும்பாலும் கூடாது. நாம் கொடுக்கும் திருகுவிசையில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்து இரண்டு பாகங்களையும் கவ்வ வைக்கிறது. மீதி எல்லாம் போல்ட் தலைக்குக் கீழேயும் மரையிலும் உராய்வுக்கே போகிறது. கிரீஸ் போட்டால் உராய்வு குறையும், அதே 10 என்எம்முக்குப் போல்ட் முன்பைவிட அதிகமாக இழுபடும். ரெஞ்ச் சரியாகத்தான் காட்டும், மரை போய்விடும். துரு பிடித்த மரையில் நேர் எதிர், கிளிக் விழும், போல்ட் கவ்வியிருக்காது.

மேனுவல் உலர்ந்த மரை என்று சொன்னால் துடைத்து உலர்த்திப் போடுங்கள். எண்ணெய் தடவி என்று சொன்னால் தடவித்தான் போட வேண்டும், எஞ்சின் உள் போல்ட்டுகள் பலவற்றுக்கு அப்படித்தான் எழுதியிருப்பார்கள். சைக்கிளில் பெடல், பாட்டம் பிராக்கெட் மரைகளுக்குக் கிரீஸ் கட்டாயம், அந்த எண்களே கிரீஸை வைத்துத்தான். ஸ்பார்க் பிளக்குக்கு வேண்டாம். மரைக்குப் பூச்சு கொடுத்திருப்பதால் ஆன்டி-சீஸ் (மரை ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத் தடவும் பசை) தேவையில்லை என்று பிளக் தயாரிக்கும் என்ஜிகே சொல்கிறது, போட்டால் அளவுக்கு மேல் இறுகிவிடும்.

ஈசிஆர்காலை:

கார்பன் சீட் போஸ்ட்டுக்கும் கிரீஸ் வேண்டாம் தம்பி. மணல் மணலாக இருக்கும் கார்பன் பேஸ்ட் தனியாகக் கிடைக்கிறது. அதைத் தடவினால் பிடிப்பு கூடும், 5 என்று போட்ட இடத்தில் 4-லேயே போஸ்ட் நின்றுவிடும். நான் எப்போதும் 4-ல் ஆரம்பித்து, சீட்டில் உட்கார்ந்து பார்த்து, இறங்கினால் மட்டும் அரை என்எம் கூட்டுவேன். அச்சடித்திருக்கும் எண் உச்ச வரம்பு, அங்கே போயே ஆக வேண்டும் என்றில்லை.

ஸ்டெம்மில் நான்கு போல்ட் இருந்தால் ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போகாதீர்கள். குறுக்கே குறுக்கே, முதலில் 2, அப்புறம் 4, அப்புறம் 5. மேலேயும் கீழேயும் இடைவெளி சமமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போங்கள். நான்காவது போல்ட் முடிந்ததும் முதல் போல்ட்டுக்குத் திரும்பி வந்தால் அது கொஞ்சம் இளகியிருக்கும், இன்னொரு சுற்று வேண்டும்.

பட்டறை_ஈரோடு:

இதோடு சேர்த்து ஒரு விஷயம். ஏற்கெனவே இறுக்கிய போல்ட்டின் மேல் ரெஞ்சை வைத்துக் கிளிக் கேட்டதும் சரியாக இருக்கிறது என்று நினைக்கிறார்கள். 5-ல் இறுக்கியிருந்தாலும் கிளிக் விழும், 9-ல் இறுக்கியிருந்தாலும் விழும். இளகவில்லை என்று மட்டும்தான் அதில் தெரியும். சந்தேகம் இருந்தால் அரைச் சுற்றுக் கழற்றி மறுபடி இறுக்குங்கள். ஒரே சீராக, மெதுவாக இழுத்து, ஒரு கிளிக்கோடு நிறுத்துங்கள். உறுதிக்கு இன்னொரு கிளிக் கொடுப்பது பலரிடம் இருக்கும் பழக்கம். ஒவ்வொரு கிளிக்குக்கும் போல்ட் கொஞ்சம் நகரும்.

இடது மரை பற்றி அக்கா சொன்னதை மறுபடி சொல்கிறேன், ஏனென்றால் வாங்கும்போது யாரும் கேட்பதில்லை. சைக்கிளில் இடது பெடல் எதிர்மரை. பிஎஸ்ஏ வகை பாட்டம் பிராக்கெட்டில் செயின் பக்கக் கப்பும் எதிர்மரை. கிளிக் ரெஞ்சுகள் சில வலது பக்கம் மட்டும்தான் கிளிக் அடிக்கும். ரேட்செட் இரண்டு பக்கமும் திரும்பும், அதை நம்பி எதிர்ப்பக்கம் இழுத்தால் கிளிக் வரவே வராது, இழுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். கடைக்காரரிடம் இதைக் கேட்டு வாங்குங்கள். எந்த டார்க் ரெஞ்சாலும் போல்ட் கழற்றாதீர்கள், கழற்ற நீளமான சாதாரணப் பார் போதும்.

நொய்யல்கரை:

அருமை. ஆக, கையில் இருக்கும் பணத்துக்கு இப்போது 2–24 சின்னது, தீபாவளிக்கு அப்புறம் 19–110. அதுவரை ஆக்சில் நட்டைப் பட்டறையில் பார்த்துக்கொள்கிறேன், டிரெயின் போல்ட் என் வண்டிக்கு 24 என்பதால் சின்னதே கடைசி எண்ணில் சமாளிக்கும். சந்தேகம் ஒன்று: ஆக்சில் நட் பக்கத்தில் சைலன்சர் இடிக்கிறது, சாக்கெட் நேராக உட்காராது. எக்ஸ்டென்ஷன் போட்டால் அளவு மாறுமா?

அளவியல்:

நட்டுக்கு நேர்கோட்டில் நீளும் எக்ஸ்டென்ஷன் என்றால் மாறாது. ரெஞ்சின் நீளத்தைக் கூட்டும் எதுவானாலும் மாறும். காக்கைக்கால் ஸ்பேனர் (ரெஞ்சின் முனையில் மாட்டும் குட்டி ஸ்பேனர் தலை) மாதிரி ஒன்றை ரெஞ்சுக்கு நேராக மாட்டினால், ரெஞ்ச் நீளம் 30, அது கூட்டுவது 3 சென்டிமீட்டர் என்றால், 70 வேண்டிய இடத்தில் 70 x 30 / 33, அதாவது 63.6 வைக்க வேண்டும். அதையே ரெஞ்சுக்குச் செங்குத்தாக மாட்டினால் கணக்கே வேண்டாம், 70-ஐ 70 ஆகவே வைக்கலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். 24 என்பது அந்தச் சின்ன ரெஞ்சின் உச்சம். எப்போதாவது செய்யலாம், தரநிலையும் உச்சம் வரை அனுமதிக்கிறது. ஆனால் முடித்த கையோடு அளவை இறக்கி வையுங்கள்.

நொய்யல்கரை:

இறக்கி என்றால் பூஜ்யத்துக்கா?

பட்டறை_ஈரோடு:

பூஜ்யத்துக்கு இல்லை, அளவுகோலில் இருக்கும் அடி எண்ணுக்கு. உங்களுடையதில் 2. அதற்கும் கீழே சுற்றினால் உள்ளே இருக்கும் பாகங்கள் இடம் மாறிவிடும், மறுபடி ஏற்றும்போது அளவு தப்பும். மேலேயே விட்டு வைத்தால் ஸ்பிரிங் நாளடைவில் தளரும். பெட்டியிலேயே வையுங்கள், கீழே போடாதீர்கள். கொஞ்ச நாள் எடுக்காமல் இருந்தால் முதல் போல்ட்டுக்குப் போகுமுன் நடு அளவில் வைத்து வைஸில் நாலைந்து முறை கிளிக் அடித்துவிடுங்கள், உள்ளே இருக்கும் கிரீஸ் பரவட்டும்.

அப்புறம் பிட் செட்டில் பணத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். 4, 5 மிமீ ஹெக்ஸ், டி25 மூன்றும் நல்லதாக இருக்கட்டும். முனை மழுங்கிய பிட், ரெஞ்ச் கிளிக் அடிக்குமுன் போல்ட் தலையை உருண்டையாக்கிவிடும். உங்கள் ஆக்சில் நட்டுக்கு என்ன சைஸ் என்று பார்த்துச் சொல்லுங்கள், அறுமுனை சாக்கெட் என்னிடம் ஒன்று கூடுதலாக இருக்கிறது, கோவை வரும்போது கொண்டுவந்து தருகிறேன்.